இரவு நடையும் அப்பாயியின் தேவாங்கும்

இந்தப் பக்கத்தில் எழுதி நீண்ட நாள்களாகிவிட்டன. தாள் திருத்தம், கோப்புகள், இணையத்தில் ஏற்ற வேண்டிய அடைவுநிலைகள் என்று ஓடும் ஆசிரியர் வாழ்க்கை உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். ஆகையால் மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வந்த பள்ளி விடுமுறையில், எங்கள் பள்ளி ஆசிரியைகள் நால்வர் பிள்ளைகளோடு லங்காவிக்குச் சென்றோம். கெடாவில் பிறந்து வளர்ந்தவள் என்ற பெயர்தானே ஒழிய, லங்காவிக்கு நான் அதுவரை சென்ற ஐந்து முறையும் கண்டவை கடைகள் மட்டுமே. வரியில்லாத சாக்லெட், கண்ணாடிப் பாத்திரம், பானை சட்டி. கோலக் கெடா படகுத்துறையில் திரும்பி வந்து இறங்கும் நம்மவர் கைகளைப் பார்த்தாலே அத்தீவில் வேறெதுவும் இல்லை என்று எவரும் எண்ணிவிடுவர். யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் லங்காவி 2007ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. தென்கிழக்காசியாவில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இடம் அதுவே. இதை நான் வகுப்பில் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு மறு விடுமுறையில் போய்ச் சட்டி வாங்கி வந்திருக்கிறேன்.

இம்முறை என் மகள் விடவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. கூனோங் ராயா மலையடிவாரக் காட்டில் இரவில் வழிகாட்டியோடு நடந்து, இரவு விலங்குகளைப் பார்க்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறாள். "நீங்கதானே அறிவியல் சொல்லிக் கொடுக்கிறீங்க, வாங்கம்மா" என்றாள். என்னோடு வந்த ஆசிரியைகளில் இருவர் உடனே தலையசைத்தனர். எனக்குத்தான் உதறல் எடுத்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கூலிம் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரவு என்பது வாசற்படியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் முனியாண்டிக்கும் மோகினிக்கும் உரியது. ஆந்தை கத்தினால் அப்பாயி அடுப்பில் உப்பைப் போடுவார். (பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, எலிகளை ஒழிப்பதற்காகத் தோட்ட நிர்வாகமே கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தைகளை வரவழைத்தது. அப்பாயி அதைக் காண இருக்கவில்லை. இருந்திருந்தால் எத்தனை கிலோ உப்பு செலவாகியிருக்குமோ!)

ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒருவர் அந்த இரவுக்குள் நாள்தோறும் சென்று வந்தார். அப்பா. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காண்டாவும் வாளியுமாகப் பெரட்டுக்குப் புறப்படுவார். பிறகு அவர் நிரையில் மரம் மரமாக அந்த வெளிச்சம் நகர்வதை, விழித்திருந்தால் வாசலில் நின்று பார்ப்பேன். அப்பா திரும்பி வருவார் என்பதற்கு அந்த விளக்கு ஒன்றே எனக்குச் சாட்சி.

அப்பாவின் நிரை தோட்டத்தின் கடைசியில், காட்டை ஒட்டி இருந்தது. அங்கே ஒரு 'வெள்ளைத்துணி' இருப்பதாகத் தோட்டம் முழுவதும் பேச்சு. இருட்டில் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து இன்னொரு மரத்தின் அடிப்பகுதிக்கு, விரித்த வேட்டி போல ஒன்று சத்தமில்லாமல் மிதந்து செல்லுமாம். பார்த்தவர்களில் ஒரு பெரியவர் காய்ச்சலில் விழுந்து மூன்று நாள் பிதற்றினார். அப்பாவும் அதை இரண்டு முறை பார்த்ததாகச் சொன்னார். அம்மா நிரையை மாற்றித் தரும்படி மண்டோரிடம் கெஞ்சினார், நடக்கவில்லை. அதன் பிறகு அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று இருந்தது. வியர்வையில் நனைந்து நனைந்து அது கல்லாக இறுகியிருந்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இனி லங்காவிக்கு வருவோம்.

மாலை ஏழு மணிக்கு மலையடிவாரச் சாலையோரம் எங்களை வரச்சொல்லியிருந்தார் வழிகாட்டி. ஐம்பதைக் கடந்த மலாய்க்காரர். ஆசிரியைகள் என்று தெரிந்ததும் எல்லோரையும் 'சிக்கு' என்றே அழைத்தார். (மலாயில் அது ஆசிரியருக்குரிய மரியாதைச் சொல். தமிழில் அதன் பொருளை எண்ணி நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.) அவர் விதித்த கட்டளைகள் சில. பேச்சு கூடாது. கைப்பேசி வெளிச்சம் கூடாது. வாசனைத் தைலம் பூசியவர் பின்னால் நடக்க வேண்டும். எந்த விலங்கையும் தொடவோ, அழைக்கவோ, உணவு காட்டவோ கூடாது. அவர் கையிலிருந்த விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டப்பட்டிருந்தது. இரவு விலங்குகளின் கண்கள் மிகக் குறைந்த ஒளிக்கென அமைந்தவை. வெள்ளை ஒளியை நேரே பாய்ச்சினால் அவை கூசித் தடுமாறும். சிவப்பொளி அவ்வளவாக உறுத்தாது என்று விளக்கினார்.

வெளிச்சம் முற்றிலும் மறைவதற்கு முன்பே சாலையோர மரம் ஒன்றைக் காட்டினார். பட்டையைத் தவிர எதுவும் தெரியவில்லை. மீண்டும் காட்டினார். பாசி பிடித்த பட்டையின் ஒரு பகுதி கண் திறந்து எங்களைப் பார்த்தது!

மலாயில் அதன் பெயர் குபோங். பறக்கும் லெமூர் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் அது பறப்பதுமில்லை, லெமூருமில்லை. கழுத்திலிருந்து கைவிரல் நுனி, கால்விரல் நுனி, வால் நுனி வரைக்கும் ஒரே தோல் விரிப்பு. மரத்தின் மேலிருந்து குதித்து, அவ்விரிப்பை நான்கு புறமும் நீட்டிக் காற்றில் சறுக்குகிறது. நூறு மீட்டருக்கும் மேலான தூரத்தை ஒரே சறுக்கலில் கடக்க வல்லது. உயிரினக் குடும்ப மரத்தில், குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய வரிசைக்கு மிக நெருங்கிய உறவு அதுதானாம். நாங்கள் பார்த்தது தாய். அதன் வயிற்றருகே தோல் மடிப்பிலிருந்து ஒரு சிறு முகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. தொட்டில் துணியை விலக்கிப் பார்க்கும் குழந்தைதான் என் நினைவுக்கு வந்தது.

வழிகாட்டி அருகிலிருந்த சூராவுக்கு மஃக்ரிப் தொழச் சென்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் திரும்பி வந்த சற்று நேரத்தில் அந்தத் தாய் மரத்தின் மேல் பகுதிக்குத் தத்தித் தத்தி ஏறியது, ஒரு கணம் நின்றது, பிறகு குதித்தது.

நண்பர்களே, எப்படிச் சொல்வேன்? விரித்த வேட்டி. சத்தமே இல்லை. எங்கள் தலைக்கு மேல், சாலையைக் கடந்து, எதிர்ப்புற மரத்தின் அடிப்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டது.

"வெள்ளைத்துணி" என்று என் வாய் தன்னால் சொல்லிற்று. பேசக்கூடாதென்ற கட்டளையை முதலில் மீறியவள் நான்தான்.

அங்கேயே நின்று அப்பாவை அழைத்துச் சொல்லலாமா என்று கை பரபரத்தது. எழுபத்தேழு வயதில் அவர் இப்போது சுங்கை பட்டாணியில், என் தம்பியின் வீட்டில் இருக்கிறார். அந்த ரப்பர் நிரை இல்லை, லயன் இல்லை, மண்டோரும் இல்லை. ஆனால் அந்தத் துணி இருந்திருக்கிறது. அதற்குக் குழந்தையும் இருந்திருக்கிறது.

அதன் பின் சாலையிலிருந்து விலகி ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். பறக்கும் அணில் ஒன்று பொந்திலிருந்து தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் எங்களைக் கணக்கெடுத்தது. பூனையளவு பெரிய, செந்நிற அணில். மரநாய் ஒன்றின் முதுகு மட்டும் தெரிந்தது. சிள்வண்டுகளின் இரைச்சலும் தவளைகளின் குரலும் சேர்ந்து காதை நிறைத்தன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்ற பிறகு வழிகாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். சிவப்பு ஒளியின் முடிவில், கொடி படர்ந்த கிளையொன்றில், இரண்டு செந்தணல்கள்.

"கொங்காங்" என்றார் மெதுவாக.

எனக்குக் கால்கள் தளர்ந்தன. அது நம் தேவாங்கு.

இங்கே நான் முப்பத்தாறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இதை இதற்கு முன் எழுதியதில்லை. என் கணவரிடம்கூட முழுமையாகச் சொன்னதில்லை.

1988ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. தோட்டத்தில் முதிர்ந்த ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். புல்டோசர் சாய்த்த மரமொன்றின் கிளையில் சுருண்டு கிடந்ததை அப்பா கோணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். உருண்டைத் தலை, வட்டக் கண்கள், கண்ணைச் சுற்றிக் கருமை, வால் இருந்தும் இல்லாததுபோல். இரண்டு கைகளாலும் கோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. லயன் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அப்பாயி வந்து பார்த்தார். அவர் அன்றைய திருச்சி ஜில்லாவில், கடவூர் மலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சிறு வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். பார்த்த உடனே, "அட, இது தேவாங்கு" என்றார். ஊரில் வேலியிலும் புளிய மரத்திலும் இருக்குமாம். சோதிடம் சொல்பவர்கள் பிடித்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவார்களாம். "ஆனா எங்க ஊர்த் தேவாங்கு குச்சி மாதிரி இருக்கும். இது மலாயாவுக்கு வந்து நல்லாத் தின்னு பெருத்துப் போச்சு" என்று சிரித்தார். தம்மைப் போலவே அதுவும் கப்பலேறி வந்த உயிர் என்றே அவர் நினைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "விட்டுருப்பா, பாவம். அது இருட்டுல வாழுற சாமி" என்றார்.

பிள்ளைகள் அழுதோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினோம். கோழிக்கூட்டில் வைத்தார்கள். நாங்கள் வாழைப்பழம் கொடுத்தோம். அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது. கும்பிடுகிறது என்று நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் தம்பியைக் கடித்துவிட்டது. விரல் வீங்கி, பிறகு முழங்கை வரை வீங்கியது. தோட்டத்து டிரெசர் ஊசி போட்டார். அன்றிரவு தம்பி வலியில் கதறிக்கொண்டே இருந்தான். அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மங்குக் கம்பியை முறுக்கும் குறட்டை எடுத்தார். நெற்றி விளக்கை என் கையில் கொடுத்து, "பிடி" என்றார்.

நான் பிடித்தேன்.

வெளிச்சம் நேராக அதன் முகத்தில் விழும்படி பிடித்தேன். அது கண்களை மூடிக்கொள்ளப் பார்த்தது. குரல் எழுப்பியது, சிறிய குரல், சிள்வண்டின் ஓசை போல. ஒவ்வொரு பல்லாக. என் கை நடுங்கியபோது, "ஆட்டாதே" என்றார் அப்பா. அப்பாயி வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பது நாள்கள் அது இருந்தது. பழத்தை நசுக்கித் தடவினேன், நக்கக்கூட இல்லை. பத்தாம் நாள் காலையில் கூட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே இறந்து கிடந்தது. விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்பா பால்மரத்தடியில் புதைத்தார்.

இவற்றுக்கெல்லாம் விளக்கம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, நூலகத்தில் தற்செயலாக ஒரு விலங்கியல் நூலைப் புரட்டினேன். தேவாங்கினத்தின் முழங்கை உட்புறத்தில் ஒரு சுரப்பி உண்டு. அச்சம் கொண்டால் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, அச்சுரப்பியின் கசிவை நக்கி உமிழ்நீரோடு சேர்த்துக்கொள்ளும். அதன் பின் கடித்தால் நஞ்சு. குரங்குகளும் நாமும் உள்ளிட்ட அந்தப் பெரிய வரிசையிலேயே நஞ்சுடையவை இவ்வகைத் தேவாங்குகள் மட்டுமே. ஆக, அது எங்களைக் கும்பிடவில்லை. 2009ஆம் ஆண்டில் இணையத்தில் ஒரு காணொளி உலகமெங்கும் பரவியது. ஒரு தேவாங்கின் கைக்கடியில் விரலால் கூச்சம் காட்டுவார்கள். அது கைகளைத் தூக்கிக்கொண்டிருக்கும். ஏராளமானோர் பார்த்து மகிழ்ந்தனர். என் சக ஆசிரியை ஒருவர் ஓய்வறையில் அதை என்னிடம் ஆசையாகக் காட்டினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

பல்லைப் பிடுங்குவதும் எங்கள் அப்பாவின் கண்டுபிடிப்பன்று. தேவாங்கு விற்பவர்கள் வழக்கமாகச் செய்வதே அது. நகம் வெட்டும் கருவியாலும் குறட்டாலும் பல்லை நறுக்கிவிட்டுத்தான் 'சாதுவான பிராணி' என்று விற்கிறார்கள். மரப்பிசினைச் சுரண்டித் தின்னவும், ஒன்றன் உரோமத்தை ஒன்று கோதிவிடவும் அந்த முன்பற்கள்தாம் வேண்டும். அவை போனால் பசி. புண் சீழ் வைத்தால் சாவு.

லங்காவிக் காட்டில் நாங்கள் கண்டது அந்தப் பற்களோடு இருந்தது.

அது நகர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். குதிக்கவில்லை, தாவவில்லை. ஒரு கையை நீட்டி அடுத்த கொடியைப் பற்றி, அது தாங்குமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மறுகையை எடுத்தது. ஓர் இலைகூட அசையவில்லை. இந்தோனேசியாவில் அதற்கு 'மாலு மாலு' என்று ஒரு பெயர். நாணம் என்று பொருள். நாணமோ அச்சமோ, எங்கள் ஒளிக்குச் சற்றே முகம் திருப்பிற்று. உடனே வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒளியின் விளிம்பு மட்டும் அதன்மேல் படும்படி வைத்துக்கொண்டார். அவருக்குத் தும்மல் வந்துவிட்டது போலும். விளக்கை என் பக்கம் நீட்டி, "சிக்கு, கொஞ்சம் பிடியுங்கள்" என்று மலாயில் சொன்னார்.

நான் கையை நீட்டவில்லை. என் மகள் வாங்கிக்கொண்டாள். ஒளியை அவரைப் போலவே ஓரமாக, ஆடாமல் பிடித்தாள்.

திரும்பி நடக்கும்போது வழிகாட்டி சுவையான செய்தியொன்று சொன்னார். நம் காடுகளில் பெர்த்தாம் என்றொரு பனை உண்டு. அதன் ஓலையைக் கம்பத்து வீடுகளுக்குக் கூரையாக வேய்வார்கள். அதன் பூவில் ஊறும் தேன் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். பேராக்கில் ஆய்வு செய்தவர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையைப் பின்னர் தேடிப் படித்தேன். அதில் மதுவின் அளவு 3.8 விழுக்காடு வரை இருந்ததாம். சிறிய மரமூஞ்சூறுகளும் தேவாங்குகளும் இரவில் வந்து அதைக் குடிக்கின்றன, ஆனால் தள்ளாடுவதில்லை. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் திரும்பிய பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். இந்த வித்தையைத் தேவாங்கிடம் அவர்கள் கற்றிருக்கலாம். எத்தனையோ வீடுகளில் சட்டி பானையாவது தப்பியிருக்கும்.

அன்றிரவு விடுதியிலிருந்து அப்பாவை அழைத்தேன். வெள்ளைத்துணியைப் பற்றிச் சொன்னபோது அவர் நம்பவில்லை. மகள் எடுத்த மங்கலான படத்தைத் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். நீண்ட நேரம் பார்த்தாராம். "இதுக்கா முப்பது வருஷம் திருநீறு கொண்டு போனேன்?" என்று சிரித்தார். பிறகு அதற்குக் குட்டியும் இருந்தது என்றேன். "ஓ" என்றார்.

அதன் பின் தேவாங்கைப் பார்த்ததாகச் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சி ஒலி மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்ததோ என்று எண்ணினேன்.

"உங்கப்பாயி ஒரு மாசம் என்கிட்ட பேசல" என்றார் அப்பா.

அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. தம்பியின் வீங்கிய கையும், அப்பாவின் கையிலிருந்த குறடும் இரண்டும் எனக்கு நினைவிருக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்து அவரைத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை.

அப்பாயி இறந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகிறது. அவருடைய கடவூர் மலைக்காடுகளைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 11,806 ஹெக்டர். தேவாங்குக்கென்றே அமைந்த சரணாலயம் இந்தியாவில் அதுவே முதலாவது. அங்குள்ளது மெலிந்த தேவாங்கு. இங்குள்ளது உருண்ட தேவாங்கு. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வெவ்வேறு இனங்கள். கப்பலில் வந்ததுமில்லை, தின்று பெருத்ததுமில்லை. ஆனாலும் உறவென்று கண்டுகொண்டதில் அப்பாயி தவறவில்லை.

இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் பள்ளி திறந்தபின் நடந்ததையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியதில் பயனில்லை.

ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் விலங்குகள் தம்மைத் தற்காத்துக்கொள்ளும் முறைகள் பற்றி நடத்தும்போது லங்காவிக் கதையைச் சொன்னேன். எறும்புத்தின்னி சுருண்டுகொள்ளும், தேவாங்கு கைகளைத் தூக்கும் என்று விளக்கினேன். பல்லை நறுக்கும் கொடுமையையும் சொன்னேன். என் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. மாணவர்கள் கலைந்த பிறகு ஒரு மாணவன் மட்டும் மேசையருகே நின்றான். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

"டீச்சர், பல்லு மறுபடி முளைக்குமா?"

"எதற்கையா?"

"சும்மாதான் டீச்சர்."

மூன்றாம் நாள் அவனாகவே சொன்னான். தொழிற்சாலையில் வேலை செய்யும் அவன் அண்ணன், இணையத்தில் ஏதோ ஒரு குழுவின் வழியாக ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். பகலெல்லாம் தூங்குகிறதாம். வாழைப்பழத்தை மட்டும் நசுக்கிக் கொடுத்தால் நக்குகிறதாம்.

அன்று முழுவதும் எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேவாங்கு முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு, வைத்திருப்பதே குற்றம். 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாகின. 2007ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு வணிகமும் தடை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வீட்டையும் தெரியும். தந்தையில்லாத வீடு, அண்ணன் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. நான் புகார் செய்தால், என்னை நம்பிச் சொன்ன சிறுவனின் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். பேசாமலிருந்தால் மறுபடியும் விளக்குப் பிடித்தவள் ஆவேன். மூத்த ஆசிரியர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் ஆலோசனை கேட்டேன். "பாடம் நடத்துவதோடு நம் வேலை முடிந்தது, டீச்சர்" என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். தோட்டப்புறத்துக் குடும்பங்கள் ஆசிரியர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் ஒட்டாது.

வனவிலங்குத் துறையின் அலுவலகத்துக்குப் பெயர் சொல்லாமல் அழைத்து, ஒருவர் தாமாக முன்வந்து ஒப்படைக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தேன். கொண்டு வாருங்கள் என்றார்கள். அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்றேன். தாயார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும், "போலீஸ் வருமா டீச்சர்?" என்று அழத் தொடங்கிவிட்டார். அண்ணன் கோபமாகத்தான் இருந்தான். காசு கொடுத்து வாங்கியது, திருடவில்லை, அடிக்கவில்லை, ஆசையாகத்தான் வளர்க்கிறேன் என்றான். பொய்யில்லை. கூண்டுக்குள் மென்மையான துணி விரித்திருந்தான்.

சட்டத்தைப் பற்றி நான் பேசியது அவன் காதில் ஏறவே இல்லை. கடைசியில் 1988ஐச் சொன்னேன். அப்பா, தம்பி, குறடு, விளக்கு, ஒன்பது நாள். முதல் முறையாக அந்நியர் வீட்டில் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அந்தச் சிறுவன் கூண்டருகே குந்தியிருந்தான். அண்ணன், "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு டீச்சர்" என்றான்.

ஞாயிறு கெடாவில் வேலை நாள்தானே; அவனுடைய தொழிற்சாலையில் மாறுமுறை விடுப்பு. நான் அரை நாள் விடுப்பெடுத்து என் காரிலேயே மூவரும் சென்றோம். அலுவலகத்தில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படிவம் நிரப்பினார்கள். அதிகாரி ஒருவர் தடித்த கையுறை அணிந்து மெல்ல அதை எடுத்து வாயைத் திறந்து பார்த்தார். கீழ்வரிசையில் முன்பற்கள் இல்லை. சிறுவன் என்னிடம் கேட்டதை அவரிடமும் மலாயில் கேட்டான். பல் முளைக்காது தம்பி என்றார். அப்படியென்றால் காட்டுக்குத் திரும்பிப் போகுமா என்று கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "முதலில் மருத்துவர் பார்க்கட்டும்" என்றார். வரும் வழியில் மூவரும் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அண்ணன் காசு கொடுக்க என்னை விடவில்லை.

கூண்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் வேண்டாம் என்றான். என் கார் பின்பெட்டியிலேயே கிடந்து, பிறகு வீட்டின் பின்புறம் சென்றது. சென்ற வாரம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பின்கட்டில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல கம்பியா இருக்கே. கோழிக்குஞ்சுக்கு ஆகும்" என்றார். எங்கிருந்து வந்ததென்று சொன்னேன். வரக்காப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார்.

"வேணாம். போட்டுரு" என்றார்.